மின்விசிறிக்கு மேலே வடக்கு

புவியியல் ஆசிரியர் வேலை என்பது கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை மாதிரி. கரண்ட் இருக்கும்வரை நீங்கள் யாரென்றே ஒருவருக்கும் தெரியாது. போய்விட்டால் மட்டும் ஆளாளுக்கு உங்களைத் தேடுவார்கள். எங்கள் தொழிலில் கரண்ட் போவது பத்தாம் வகுப்புத் தேர்வில் வரைபடக் கேள்விக்கு மதிப்பெண் குறையும்போது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக ஆசிரியை நான். பள்ளியின் பெயரைச் சொன்னால் அடுத்த ஜூனில் எனக்கு வேலை இருக்காது, அதனால் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் எதற்கும் கொஞ்சம் பயப்படுவேன். எங்கெங்கோ தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மே மாதமும் வேலை நீடிக்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் சகபாவிகளே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். போதாக்குறைக்கு, பதினோராம் வகுப்பில் புவியியல் உள்ள பிரிவுக்கு இந்த முறை போதிய பிள்ளைகள் சேராவிட்டால் பிரிவையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். என் வேலை போனால் ஒரு வேலைதான் போகும். ஆனால் அந்தப் பிரிவில் சேர்ந்தே தீருவேன் என்று ஒரு பிள்ளை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் சம்பவம் நான் பார்த்ததல்ல. எங்கள் பள்ளித் தமிழம்மா சொன்னது. அவர் எதையும் பூ வைத்துப் பொட்டு வைத்துத்தான் சொல்வார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வடக்கைக் காட்டு

நான் சேர்வதற்கு முன் புவியியல் எடுக்க ஆளில்லாமல், அந்தப் பாடத்தை பி.டி. சார் பாஸ்கரிடம் கொடுத்திருந்தார்களாம். மைதானத்தில் கம்பெனி லாரிகள் நின்றதால் அவருக்கும் வேறு வேலை இல்லை. விசில் ஊதித்தான் பாடத்தைத் தொடங்குவாராம். சுவரில் வரைபடத்தை மாட்டி, "மேலே வடக்கு, கீழே தெற்கு" என்று உடற்பயிற்சி மாதிரியே கைகளைத் தூக்கி இறக்கிச் சொல்லிக் கொடுத்தாராம். பிள்ளைகளும் கையைத் தூக்கி இறக்கி மனப்பாடம் செய்தார்கள்.

ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி வகுப்பில் நுழைந்து, "வடக்கு எந்தப் பக்கம், காட்டுங்க பார்க்கலாம்" என்றாராம். மொத்த வகுப்பும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தி மின்விசிறியைக் காட்டியது. பாஸ்கர் சார் முகத்தில் பெருமை. அதிகாரி அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னாராம்: "மேப்ல மேலதானே இருக்கு, சரியாத்தான் சொல்றாங்க. அந்த ஃபேன் ஓடல போல இருக்கே, அத மட்டும் சரி பண்ணிடுங்க."

பாஸ்கர் சார் அடுத்த வருடமே மாற்றலாகிப் போய்விட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் நான் சேர்ந்த முதல் நாள் ஒன்பதாம் வகுப்பில் வடக்கு எங்கே என்று கேட்டபோது, கடைசி பெஞ்சில் இரண்டு கைகள் மெதுவாக ஃபேனை நோக்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே எல்லோரையும் வெளியே கூட்டிப்போய்க் காலை வெயிலைப் பார்த்து நிற்க வைத்து, இடது கையை நீட்டச் சொன்னேன். "அதுதான் வடக்கு" என்றேன். ஒரு பையன் தன் கை நீண்ட திசையை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மிஸ், அது கம்பெனி கேன்டீன் மிஸ்."

மிச்சம் இருந்த பாடம்

நான் ஏதோ சின்ன வயதிலேயே உலக உருண்டையைக் கட்டிப்பிடித்துத் தூங்கியவள் என்று நினைக்க வேண்டாம். வணிகவியல் படிக்கத்தான் ஆசை. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் சாலையில் பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமே இல்லை, ஒரு நிறுத்தத்தில் தூங்கிவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இன்னொன்று இருக்கும். எனக்குக் கட்டுப்படியாகிற கல்லூரி சென்னைக்குள்தான் கிடைத்தது. நானும் அப்பாவும் பூந்தமல்லியில் பஸ் மாறி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வணிகவியல் முடிந்திருந்தது. புவியியல் மட்டும் இருந்தது. எங்கள் பக்கத்து எந்தக் கல்லூரியிலும் அப்படி ஒரு துறை இருப்பதாக நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

அப்பா ஒரு தொழிற்சாலையில் புல் வெட்டுகிற வேலை பார்க்கிறார். அன்று ஒருநாள் லீவு போட்டிருந்தார், இன்னொரு நாள் போட முடியாது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தரிடம் மிகவும் பணிவாக, "ஜாக்ரபி படிச்சா பொண்ணுக்கு இன்னா சார் ஆவும்?" என்று கேட்டார். எழுத்தர் முத்திரையைக் குத்திக்கொண்டே சொன்னார்: "உங்க பொண்ணுக்கு என்ன ஆகும்னு தெரியாதுங்க. எங்களுக்கு ஒரு சீட்டு ரொம்பும்."

கண்டத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர்

எங்கள் பள்ளியில் எல்லாமே ஏதாவது ஒரு கம்பெனி கொடுத்ததுதான். பெஞ்சின் முதுகில் ஒரு பெயர், தண்ணீர்த் தொட்டியில் ஒரு பெயர், கழிப்பறைக் கதவில் ஒரு பெயர். உலக உருண்டையும் அப்படித்தான் வந்தது. தலைமையாசிரியர் அறையில், பாலிதீன் உறை கழற்றப்படாமல், கோப்பைகளுக்கும் கேடயங்களுக்கும் நடுவே ஏதோ போட்டியில் ஜெயித்து வாங்கியது மாதிரி நின்றது.

கெஞ்சிக் கேட்டு ஒருநாள் வகுப்புக்கு எடுத்துப் போனேன். உறையைக் கழற்றினால் தென் அமெரிக்காவைக் காணவில்லை. அந்த இடத்தில் 'அன்பளிப்பு' என்று போட்டு கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உருண்டையில் எந்த இடம் ஒட்ட வாகாக இருந்ததோ அந்த இடத்தில் ஒட்டிவிட்டார்கள், பாவம், அவர்களுக்கு அந்தக் கண்டத்தின் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் அடியில் என்ன இருக்கிறது என்று சுரண்டப் பார்த்தார்கள். நான் தலைமையாசிரியரிடம் போய், ஸ்டிக்கரை உருண்டையின் காலுக்கு மாற்றி ஒட்டலாமா என்று கேட்டேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "அதப் பிய்ச்சா அடுத்த வருஷம் பெஞ்ச் வராதும்மா. அந்தக் கண்டம் பப்ளிக்ல வருமா? வராதில்ல? விடு."

ஓட்டை மேப்

பத்தாம் வகுப்பில் ஒரு குலச்சொத்து இருந்தது. அட்டையில் ஒட்டிய இந்திய வரைபடம். ஒவ்வொரு ஊர் இருக்கும் இடத்திலும் காம்பஸ் முனையால் குத்திய ஓட்டை. பிரிவு உபசார விழா அன்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் அதை அடுத்த வகுப்பிடம் ஒப்படைப்பார்கள். வகுப்புத் தேர்வில் இந்த அட்டையைத் தாளின் மேல் வைத்து, ஓட்டை வழியாகப் பேனாவால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். மும்பை எங்கே என்று கேட்டால் தெரியாது. நாலாவது ஓட்டை என்றால் தெரியும்.

ஒரு தேர்வில் அட்டை கைமாறும் அவசரத்தில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். நான் வாங்கித் திருத்திய அத்தனை தாள்களிலும் மும்பை வங்காள விரிகுடாவில் மிதந்தது. கொல்கத்தா மத்தியப் பிரதேசத்துக்குக் குடிபோயிருந்தது. வகுப்புத் தலைவனைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். அவன் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ரொம்பப் பொறுப்பாகப் பதில் சொன்னான்: "ஓட்டையெல்லாம் கரெக்டாத்தான் கீது மிஸ். இந்தியாதான் திரும்பிகிச்சு."

கீழே போன ஊர்

அட்டையைப் பறிமுதல் செய்துவிட்டு, தமிழ்நாட்டு வரைபடத்தை எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்துப் பழக்கலாம் என்று கிளம்பினேன். கூட்டு ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. வேலை தேடி வரும் தெற்கத்திப் பையன்களின் ஆதார் அட்டையும் மார்க் ஷீட்டும்தான் அங்கே காலை முதல் ராத்திரி வரை ஓடும். என் வரைபடமும் ஓடியது.

மறுநாள் வகுப்பில் தாளைக் கொடுத்ததும் முத்துச்செல்வி எழுந்து நின்றாள். பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்தப் பிள்ளை இவள்தான். அப்பா இசக்கிமுத்து வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கம்பெனி பஸ் ஓட்டுகிறார். "மிஸ், எங்க ஊர் இதுல இல்லையே" என்றாள். பார்த்தேன். பெரிய தாளில் இருந்த படத்தைச் சின்னத் தாளில் எடுத்ததில் திருநெல்வேலி நகரத்தோடு தமிழ்நாடு முடிந்துவிட்டது. குமரிமுனை கிடையாது. நான் அசடு வழிய நின்றேன். அவள் மதிய இடைவேளையில் பழைய நோட்டிலிருந்து துண்டு துண்டாகக் கிழித்து, வகுப்பில் இருந்த ஒவ்வொரு தாளுக்கும் கீழே பசை போட்டு ஒட்டி, மீதித் தமிழ்நாட்டை வரைந்து வைத்திருந்தாள். அட்லஸை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய சரியாக இருந்தது. எப்படி என்று கேட்டதற்கு, "லீவுக்குப் போகும்போது ஜன்னல் சீட்டு மிஸ். ரோடு எங்கிட்டு வளையுதுன்னு பாத்துட்டே போவேன்" என்றாள்.

சாயங்காலம் கடைக்காரரிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் ஒரு பையனின் மார்க் ஷீட்டை மிஷினில் வைத்தபடி, திரும்பாமலேயே கேட்டார்: "கீழ கொஞ்சம் போச்சு, அவ்ளோதானே டீச்சர்? கீழ இன்னா அவ்ளோ முக்கியமா கீது?"

ஸ்கேல் போட்டால் விற்காது

முத்துச்செல்வி பதினோராம் வகுப்பில் புவியியல் பிரிவுக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். இரண்டாவது ஆள் வரவே இல்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "வீடு வீடா போய் ஆள் பிடிச்சிட்டு வாம்மா. போன வருஷமும் இழுத்துக்க பறிச்சுக்கன்னுதான் ஓடிச்சு. இந்த வருஷம் எண்ணிக்கை வரலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கோடை வெயிலில் குடையோடு கிளம்பினேன்.

முதல் வீடு ஒரு மனைத் தரகருடையது. பையன் வரைபடம் நன்றாக வரைவான் என்பதால் நம்பிக்கையோடு போனேன். தரகர் மரியாதையாக உட்கார வைத்து மோர் கொடுத்து, தன் புது மனைப்பிரிவின் விளம்பரத் தாளை எடுத்துக் காட்டினார். அதில் விமான நிலையம் மனைக்கு வலது பக்கம் ஒரு விரல் தூரத்தில் இருந்தது. மறைமலை நகர் இடது பக்கம் ஒரு விரல். கடற்கரைகூட இருந்தது. "சார், இதுல ஸ்கேலே இல்லையே. உங்க பையன் புவியியல் படிச்சா இதெல்லாம் சரியா வரைவான்" என்றேன். அவர் பதறிவிட்டார்: "அய்யய்யோ, அவன் ஸ்கேல் போட்டு வரைஞ்சான்னா ஒரு பிளாட் விக்காது டீச்சர். காமர்ஸ்லயே போட்ருங்க."

நீயும் கான்ட்ராக்ட்டா?

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீடு. நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதே நிலத்தில் நிற்கும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார் அப்பா. நைட் ஷிப்ட் முடித்து வந்த கண்ணோடு வாசலில் நின்று கேட்டார். "இன்னாம்மா, ஜாக்ரபி பட்ச்சா எந்தக் கம்பெனில எடுப்பான்?" நான் நில அளவை, வானிலை, வரைபடத் துறை, அரசுத் தேர்வுகள் என்று வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ இன்னாம்மா பட்ச்ச?"

"புவியியல்தாங்க."

"கவுர்மென்ட்டு வேலையா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தற்காலிகம், பெற்றோர் ஆசிரியர் கழகம், அடுத்த மே மாதம் வரைக்கும்தான் என்றேன். அவர் முகம் ஒரேயடியாக இளகிவிட்டது. உள்ளே திரும்பி மனைவியிடம் டீ போடச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்: "அப்ப நீயும் நம்ம மாதிரி கான்ட்ராக்ட்தானா? டீ சாப்ட்டுப் போ. பர்மனென்ட் ஆனவன் எவனாச்சும் இருந்தா அவன இட்டுகினு வா, பேசலாம்."

உண்மையின் பலன்

சொன்னால் நம்ப மாட்டீர்கள், கடைசி நாளன்று ஒரே ஒரு ஆள்தான் குறைந்தது. எப்படியோ தேற்றியிருந்தோம். கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கிடைக்காதவர்கள், கணக்குக்குப் பயந்தவர்கள், நண்பன் சேர்ந்ததால் சேர்ந்தவன். முத்துச்செல்வி தினமும் வந்து தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் போவாள். நான்கு மணிக்கு ஓர் அம்மா மகனை அழைத்துக்கொண்டு வந்தார். எந்தப் பிரிவானாலும் சரி என்றார். பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

எழுதப் போன அம்மா தலையைத் தூக்கி, "ரெண்டு வருஷமும் நீதானேம்மா பாடம் எடுப்ப?" என்று கேட்டார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். முத்துச்செல்வி கதவோரத்திலிருந்து பார்த்தாள். ஒரு 'ஆமாம்' போதும். "இந்த வருஷம் நான் இருப்பேங்க. அடுத்த வருஷம் யாரு வருவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றேன். அந்த அம்மா பேனாவை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, தனியார் பள்ளியை விசாரிக்கப் போய்விட்டார். தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: "உண்மையச் சொல்லி ஆள் சேக்கலாம்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

வாசலுக்கு வரும் பஸ்

பிரிவு மூடப்பட்டது. எனக்கு ஒன்பதும் பத்தும் மிச்சம் இருந்ததால் வேலை தப்பியது. சேர்ந்தவர்களைப் பக்கத்துப் பிரிவில் உட்கார வைத்தார்கள். முத்துச்செல்வி மட்டும் மாட்டேன் என்றாள். மறுநாள் இசக்கிமுத்து டிரைவர் சட்டையோடு வந்தார். புவியியல் உள்ள அடுத்த அரசுப் பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. "அங்க எல்லாம் நல்ல ஸ்டாஃப்" என்றார் தலைமையாசிரியர். நானும் தலையை ஆட்டினேன், எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசையாக இருந்தது.

இசக்கிமுத்து மாற்றுச் சான்றிதழை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே சாலையில் ஷிப்ட் விட்டு வெள்ளை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, பாதி இருக்கை காலியாக. அவர் அவற்றைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்: "வேலைக்குப் போற புள்ளையள ரூம் வாசல்லயே வந்து ஏத்திட்டுப் போறோம்லா. படிக்கப் போற புள்ளைக்கு மட்டும் எதுக்கு டீச்சர் ரெண்டு பஸ்ஸு?"

இடது கைப் பக்கம்

ஒரு மாதம் கழித்து ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன். சிரித்தார். "படிக்கா டீச்சர். ஆனா மொத நாளே வகுப்ப விட்டு வெளிய அனுப்பிட்டாவ" என்றார். முத்துச்செல்வி வாய்க்கு வாய் பேசுகிற பிள்ளை இல்லை.

நடந்தது இதுதான். அந்தப் பள்ளி சார் வந்ததும் வடக்கு எங்கே என்று கேட்டிருக்கிறார். மொத்த வகுப்பும் ஃபேனைக் காட்டியிருக்கிறது. இவள் மட்டும் ஜன்னல் வழியாகக் காலை வெயில் வரும் பக்கம் திரும்பி நின்று, இடது கையை நீட்டியிருக்கிறாள். கை நேராக வாசலைக் காட்டியது. அவளுக்கு அவசரமாக வெளியே போக வேண்டும்போல என்று நினைத்த சார், "கேட்டுட்டுப் போணும், போ, பீரியட் முடியற வரைக்கும் அங்கயே நில்லு" என்று அனுப்பிவிட்டாராம். சாரின் பெயர் என்ன என்று கேட்டேன். பெயர் தெரியாது, ஆனால் விசில் ஊதித்தான் பாடத்தை ஆரம்பிப்பாராம் என்றார். இசக்கிமுத்து பஸ் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: "வீட்டுக்கு வந்து அழுவான்னு பாத்தேன் டீச்சர். 'வெளிய நிறுத்திட்டாருப்பா, ஆனா நான் நின்ன இடம் வடக்குதான்'ங்கா."

தமிழம்மா சொன்ன கதையைப் பாதிதான் நம்பியிருந்த நான், பிறகு ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு நடந்தபோது இரண்டு பஸ் மாறி அந்தப் பள்ளிக்கே போய், சாரின் பெயரை விசாரித்து, செல்போன் திசைகாட்டியை வைத்துச் சரிபார்த்தேன்: ஆள் அதே பாஸ்கர் சார்தான், வகுப்பறை வாசலும் வடக்கேதான், ஆக, எங்கள் வட்டாரத்தில் திசை தெரிந்த பிள்ளைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வகுப்பறைக்கு வெளியே.